நாளைக்கு அனுப்பாதீங்க

எங்கள் தோட்டத்தில் ஒரு தம்பி இருக்கிறான். ஒன்பது வயசு. ஃபெக்டரி சங்கு ஊத ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடியே இஸ்தோப்புக்கு வந்து ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்பான். மணி பார்க்க அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனா ஒருநாள்கூடத் தவறியதில்லை. ஊதி முடிந்ததும் கையை எடுத்துவிட்டு, தனக்குள்ளேயே ஒரு சிரிப்பு சிரித்துக்கொண்டு உள்ளே போய்விடுவான். லயத்தில் எல்லாருக்கும் இது பழகிப்போச்சு. "தம்பி வந்துட்டான், சங்கு ஊதப்போவுது" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுகிற அப்பாயிமாரும் இருக்கிறார்கள்.

அவனையும் முதலாம் தரத்தில் சேர்த்தார்கள். மூன்று வாரம் போனான். மணி அடித்தால் கத்துவான். கதிரையில் உட்கார மாட்டான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். நாலாவது வாரம் டீச்சர் அவனுடைய அம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா, நாளைக்கு அனுப்பாதீங்க. கொஞ்சம் பேச்சு வரட்டும், பொறவு பார்ப்போம்" என்று சொன்னாராம். அந்த "நாளைக்கு" முடிந்து மூன்று வருஷத்துக்கு மேலாகிறது. இன்னும் யாரும் பார்க்கவில்லை.

நாங்கள் மூன்று பேர். மூன்று பேரும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், இப்போது ஒரே கலைப்பீடம். லீவுக்கு வரும்போதெல்லாம் தம்பியைப் பார்க்கிறோம். போனமுறை வந்தபோதுதான் எங்களுக்குள் ஒரு கேள்வி வந்தது. டிகிரி முடித்த பிறகு இவனைப் போன்ற ஒரு பிள்ளைக்குப் படித்துக் கொடுக்க நாங்கள் முறையாகக் கற்க வேண்டும் என்றால் எங்கே போக வேண்டும்? எந்த மொழியில் படிக்க வேண்டும்? படித்துவிட்டு எந்தப் பாடசாலைக்குத் திரும்பி வருவோம்? தேடிப் பார்த்ததில் கிடைத்த விடைகளும், அதில் எங்களுக்கு வந்த கோபமும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த டீச்சர்மீது எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பக்கத்து வகுப்புக்கும் இவர் வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டி மட்டும்தான். பயிற்சிக் காலத்தில் விசேட தேவை பற்றி அவர் படித்தது சில பக்கம் இருக்கலாம். ஒரு பிள்ளை கத்தும்போது அந்தக் கத்தலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மணிச்சத்தம் அந்தப் பிள்ளையின் காதில் ஊசி மாதிரி இறங்குகிறது என்று தெரிந்திருந்தால், மணி அடிக்க முன்பு அவனை வெளியே அழைத்துப்போக ஒரு பெரிய பிள்ளையை ஏற்பாடு செய்திருப்பார். அதற்குக் காசு தேவையில்லை. தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையைக் காரணம் காட்டி ஒருவரைக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஐ.நா.வின் இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில்தான் கட்டாயக் கல்வி வயதெல்லையும் 16 ஆக உயர்ந்தது. அப்படிப் பார்த்தால் தம்பி இன்னும் ஏழு வருஷம் பாடசாலையில் இருந்தே ஆக வேண்டிய பிள்ளை. சட்டப் புத்தகத்தில் அவனுக்கு இடம் இருக்கிறது. வகுப்பறையில்தான் இல்லை.

அவனுக்கு என்ன என்று கேட்டால் லயத்தில் ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். "பேச்சு வராத புள்ள", "முனி அடிச்சது", "அம்மா வயித்துல இருக்கும்போது பயந்துட்டா". படித்தவர்கள் வைத்த பேரும் ஒன்றும் திறம் இல்லை. தமிழ்நாட்டு அரசுப் படிவங்களில் ஓட்டிசம் உள்ளவர்களைப் "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று எழுதுவார்கள். சங்கு ஊதும் நேரத்தை இரண்டு நிமிஷம் முன்னாடியே அறிகிற பிள்ளைக்கா புற உலகச் சிந்தனை இல்லை? புற உலகம் அவனுக்கு அளவுக்கு மீறி உள்ளே வருகிறது என்பதுதான் பிரச்சினையே. ஓட்டிசம் என்பது குணப்படுத்த வேண்டிய நோயல்ல, மூளை வேறு விதமாக வளர்ந்து வேலை செய்கிற ஒரு முறை என்று இப்போது பேசுகிறார்கள். 1990களின் கடைசியில் பரவத் தொடங்கிய "நரம்பியல் பன்மை" என்ற சொல் அதிலிருந்து வந்தது. எல்லாச் சிரமமும் இல்லாமல் போய்விடும் என்று அது சொல்லவில்லை. பேச்சில்லாத பிள்ளையின் சிரமம் நிஜமானது, அந்தத் தாயின் சிரமமும் நிஜமானது. ஆனா பிள்ளையைத் திருத்துவதற்கு முன்னால் நாம் கற்பிக்கும் முறையைத் திருத்தலாமே என்று அது கேட்கிறது.

எத்தனை பிள்ளைகள் இப்படி இருக்கிறார்கள்? கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சிறுவர் உளமருத்துவப் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு சிறுநகரப் பகுதியில் 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கு வந்தது. அந்தக் கணக்கை அப்படியே தூக்கி மலையகத்தில் வைக்க முடியாது. ஆனா அந்த ஆய்வில் எங்களை நிறுத்தியது வேறொரு விஷயம். மேற்கு நாடுகளில் பயன்படும் கேள்விக்கொத்தைத் தாய்மாரிடம் கொடுத்துக் கேட்டபோது, உண்மையில் ஓட்டிசம் இருந்த பிள்ளைகளில் பலரை அது தவறவிட்டது. தாய்மார் பொய் சொல்லவில்லை. கேள்வி அவர்கள் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை. பிறகு பெரேராவின் குழு சொற்களுக்குப் பதிலாகப் படங்களைக் காட்டிக் கேட்கும் ஒரு முறையை உருவாக்கியது. கொழும்புக்குப் பக்கத்திலேயே கேள்வியை மாற்ற வேண்டியிருந்தது என்றால், இங்கே?

இங்கே ஒரு பிள்ளையை நாள் முழுக்கப் பார்ப்பவர் யார் என்று யோசியுங்கள். அம்மா காலையில் பெரட்டுக்குப் போனால் கடைசிக் கொழுந்து நிறுத்து முடித்துத்தான் வருவார். கைப்பிள்ளை பிள்ளைக்காம்பராவில் இருக்கும். இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று போர்டு போட்டிருக்கிறார்கள், ஆனா எல்லார் வாயிலும் பிள்ளைக்காம்பராதான். இருபது பிள்ளைகளை ஒன்றாகப் பார்க்கிறவருக்கு, எந்தப் பிள்ளை கைகாட்டிக் கேட்கவில்லை, எந்தப் பிள்ளை மற்றப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அம்மாவுக்குத் தெரிவதற்கு முன்பே தெரியும். நகரத்தில் பல தாய்மாருக்குக் கிடைக்காத வசதி இது. பிள்ளைகளை இரண்டு வயதுக்கு முன்னாலேயே ஒன்றாகப் பார்க்கிற ஒரு இடம் தோட்டந்தோறும் ஏற்கனவே இருக்கிறது. அங்கே இருப்பவருக்கு "இதைப் பார், இதைக் குறித்துக்கொள், இவரிடம் சொல்லு" என்று சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் எங்கேயிருந்து வருவார் என்பதுதான் கேள்வி.

அடையாளம் கண்டாலும் அடுத்த படி லேசு இல்லை. ஹற்றன் பக்கத்திலிருந்து பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்குப் போய்வர முழு நாள் போய்விடும். அன்றைக்கு அம்மாவுக்குப் பேர் இல்லை. 2024 செப்டெம்பர் வர்த்தமானியின்படி அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அன்றைய நாட்சம்பளமும் போய், பஸ் காசும் போய், சாப்பாட்டுக் காசும் போகும். சத்தம் தாங்காத பிள்ளையை நெரிசல் பஸ்ஸில் கொண்டுபோவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒருமுறை போவார்கள். இரண்டாம் முறை போவார்கள். மூன்றாவது முறை "சாமிக்கு நேர்ந்துக்கிட்டோம், பார்ப்போம்" என்று நின்றுவிடுவார்கள். அதை மூடநம்பிக்கை என்று கம்பஸில் உட்கார்ந்து சொல்வது எங்களுக்குச் சுலபம். கோயில் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சரி, படிப்பு எங்கே இருக்கிறது? நாவலயில் உள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடத்தில் விசேட தேவைக் கல்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது. மகரகமையில் தேசிய கல்வி நிறுவகம் இருக்கிறது. பேச்சு, மொழிச் சிகிச்சை படிக்க றாகமையில் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இருக்கிறது. மூன்றும் மேல் மாகாணத்தில். ஹற்றனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் நாலைந்து மணித்தியாலம். தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் ஒரு டீச்சர் சனி ஞாயிறு வகுப்புக்குப் போக வேண்டும் என்றால் வெள்ளி இரவே கிளம்ப வேண்டும். தங்க இடம் வேண்டும். கல்யாணமாகிக் கைப்பிள்ளை இருந்தால் கதை அதோடு முடிந்தது.

கடல் தாண்டினால் தமிழில் இதைப் பற்றிப் பேசுகிற ஊர் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இந்திய மத்திய அரசு 2005இல் தொடங்கிய பல்வகை இயலாமை உடையோருக்கான தேசிய நிறுவனம் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான ஆசிரியர் பயிற்சியையும் நடத்துகிறது. அந்த நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் புனர்வாழ்வுச் சபை ஒன்று இருக்கிறது. விசேட கல்வி ஆசிரியர் அதில் பதிவு பெற வேண்டும். அதாவது "கொஞ்சம் அன்பு இருந்தால் போதும், யாரும் பார்த்துக்கொள்ளலாம்" என்கிற வேலையாக அதை அவர்கள் வைத்திருக்கவில்லை. மருத்துவம், சட்டம் மாதிரி அதுவும் ஒரு தொழில். எங்களிலிருந்து ஒன்றிரண்டு பேர் அங்கே போய்ப் படித்து வரலாம்தான். ஆனா ஒரு முழு மாவட்டத்தின் பிள்ளைகளை ஒன்றிரண்டு பேரின் ஸ்கொலர்ஷிப்பில் கட்டித் தொங்கவிட முடியாது.

இந்தப் படிப்பில் அப்படி என்னதான் இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். நாங்கள் வாசித்துப் புரிந்துகொண்டதைச் சொல்கிறோம். ஒரு பிள்ளை என்ன செய்யும், எதில் தடுமாறும் என்று கவனித்து எழுதுவது. அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒரு தனியாள் கல்வித் திட்டம் போட்டு, அது நடக்கிறதா என்று மாதாமாதம் பார்ப்பது. கத்தல், அடித்தல், ஓடுதல் எல்லாவற்றையும் கெட்ட பழக்கமாகப் பார்க்காமல் பேச்சாகப் பார்ப்பது, என்ன கேட்கிறான் என்று தேடுவது. பேச்சு வராத பிள்ளைக்குப் படத்தையோ சைகையையோ கொடுப்பது. 1985இல் அமெரிக்காவில் அன்டி பொண்டியும் லோரி ஃபுரொஸ்ட்டும் உருவாக்கிய படப் பரிமாற்ற முறையில், பிள்ளை தனக்கு வேண்டியதன் படத்தை எடுத்து மற்றவர் கையில் கொடுக்கும். கேட்பதற்கு இது சின்ன விஷயம். ஆனா தண்ணி வேணும் என்று தலையைச் சுவரில் முட்டுகிற பிள்ளைக்கும், தண்ணி படத்தைக் கையில் கொடுக்கிற பிள்ளைக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை அந்த அம்மாவிடம் கேட்டுப் பாருங்க.

இந்த இடத்தில்தான் இடமும் மொழியும் வருகிறது. கடையில் கிடைக்கும் படச் சீட்டுகளில் அப்பிள் இருக்கும், சோபா இருக்கும், குளிக்கும் தொட்டி இருக்கும். தம்பியின் உலகத்தில் பீலி இருக்கிறது, இஸ்தோப்பு இருக்கிறது, கொழுந்துக் கூடை, ரொட்டி, படங்கு, அட்டை இருக்கின்றன. அவன் தண்ணியைத் தேடிப் போகிற இடம் பீலி. குழாயின் படத்தைக் காட்டினால் அவனுக்கு எப்படித் தெரியும்? இந்தச் சீட்டுகளைச் செய்ய லயத்தில் வளர்ந்த ஒருத்தரும் விசேட கல்வி படித்த ஒருத்தரும் வேண்டும். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் இன்னும் நல்லது.

வட கரோலினா மாநிலத்தின் கதை எங்களுக்குப் பிடித்திருந்தது. எரிக் ஷொப்லர் என்பவர் ஓட்டிசத்துக்குத் தாய்தான் காரணம் என்று டொக்டர்மாரே குற்றம் சாட்டிய காலத்தில், இல்லை, பெற்றோர்தான் எங்கள் கூட்டாளிகள் என்று சொல்லி வேலை செய்தவர். அவருடைய டீச் திட்டத்தை 1972இல் அந்த மாநிலம் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொதுத் திட்டமாக ஆக்கியது. நாளின் ஒழுங்கைக் கண்ணால் பார்க்கும்படி வைப்பது அந்த முறையின் உயிர். அடுத்தது என்ன என்று தெரிந்தால் பிள்ளைக்குப் பயம் குறையும். இதை வாசிக்கும்போது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. தோட்டத்தைப் போல ஒழுங்கான நாள் வேறு எங்கே இருக்கிறது? சங்கு, பெரட்டு, தேத்தண்ணி நேரம், கொழுந்து நிறுவை, மறுபடி சங்கு. நூற்றைம்பது வருஷமாக எங்கள் ஆட்களைக் கட்டி வைத்திருக்கும் அதே நேர ஒழுங்கைத்தான் தம்பி பிடித்துக்கொண்டு நிற்கிறான். படித்த ஒரு ஆசிரியர் அதிலிருந்தே அவனுக்குப் பாடத்தைத் தொடங்கியிருப்பார்.

எங்களிடம் சிலர் கேட்பார்கள், நாங்களே எங்களைக் கேட்டோம்: கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலைகளில் இதெல்லாம் இப்போது தேவையா? எங்கள் பதில் இது. மலையகத்தில் எந்தத் தேவையும் தன் முறை வரும்வரை காத்திருந்து கிடைத்ததில்லை. தோட்டப் பாடசாலைகள் 1977க்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அதுவரை "கூலிப் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். "அந்தப் பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு" என்று இன்றைக்கு நாமே கேட்டால், அந்தத் துரைமாருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அதோடு, இந்தப் படிப்பில் கிடைக்கும் அறிவு ஒரு பிள்ளைக்கு மட்டும் உதவுவதில்லை. எழுத்தை வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளை, ஐந்து நிமிஷம் உட்கார முடியாத பிள்ளை, "மக்கு" என்று கடைசி வாங்கில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளை எல்லாருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

இரண்டாவது கேள்வி இன்னும் கஷ்டம். படித்தவர்கள் திரும்பி வருவார்களா? கொழும்பில் தனியார் நிலையங்கள் காசு கொடுக்கும், வெளிநாடு அதற்கு மேல் கொடுக்கும். எங்களைப் பற்றி நாங்களே உத்தரவாதம் தர முடியாது, அதுதான் உண்மை. ஆனா இதற்கு ஒரு விடை மலையகத்தின் பழைய கதையிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்கள் வெளி மாவட்டங்களிலிருந்து வந்தார்கள், மாற்றம் கிடைத்ததும் போனார்கள். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையும், 1990களில் ஜெர்மன் உதவியோடு வந்த பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் இங்கேயே பயிற்சி கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் தோட்டத்துப் பிள்ளைகளே ஆசிரியர்களாகி அதே மலையில் நின்றார்கள். எங்களுக்கு ஏ.எல். படிப்பித்தவர்களில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள். பயிற்சி எங்கே நடக்கிறதோ அங்கே ஆள் தங்கும். இதை நிரூபித்துக் காட்டியதே நம்ம ஊர்தான்.

அதனால் நாங்கள் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. விசேட தேவைக் கல்வியில் பட்டப்பின் டிப்ளோமா ஒன்று, தமிழ் மொழியில், வார இறுதியில், ஹற்றனிலோ கொட்டகலையிலோ நடக்க வேண்டும். அதன் செய்முறைப் பயிற்சி தோட்டப் பாடசாலைகளிலும் பிள்ளைக்காம்பராக்களிலும் நடக்க வேண்டும். படிக்கும் ஆசிரியருக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும், முடித்தவர் குறைந்தது ஐந்து வருஷம் இந்த வலயங்களில் வேலை செய்ய வேண்டும். இரண்டு கல்லூரிகளிலும் பயிற்சி பெறும் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஓட்டிசம் உள்ள ஒரு பிள்ளையோடு நேரில் வேலை செய்த அனுபவம் ஒருமுறையாவது கிடைக்க வேண்டும். 2020இல் பயிலுநர்களாக எடுக்கப்பட்டு, அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பேரில் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்ட பட்டதாரிகள் பலர் என்ன வேலை என்று தெரியாமலே வருஷங்களைக் கழித்தார்கள். பெரும்பாலும் எங்களைப் போன்ற கலைப்பட்டதாரிகள். விருப்பமுள்ளவர்களை முதல் தொகுதியாக எடுத்துப் படிப்பிக்கலாமே.

2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். காணி, வீடு, சம்பளம், கல்வி, மரியாதை எல்லாம் கேட்டார்கள். மலையகத்துக்குத் தனியாக ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை அதற்கும் பழையது. அது ஒருநாள் வரும் என்று நம்புகிறோம். வரும்போது அதில் எந்தெந்தத் துறை என்று பட்டியல் போடுபவர்கள் முகாமைத்துவம், தகவல் தொழில்நுட்பம் என்று தொடங்குவார்கள். அந்தப் பட்டியலில் இதையும் எழுதுங்கள் என்று இப்போதே சொல்லி வைக்கிறோம். பேச்சு வராத பிள்ளைகள் ஊர்வலம் போய்க் கேட்க மாட்டார்கள்.

போன லீவில் தம்பிக்காக ஒன்பது படம் வரைந்தோம். பீலி, ரொட்டி, தேத்தண்ணி, இஸ்தோப்பு, சங்கு, அம்மா, கூடை, மழை, நித்திரை. பிரிஸ்டல் போர்ட்டில் வெட்டி, டேப் ஒட்டி, சுவரில் ஒரு நூலில் தொங்கவிட்டோம். நாங்கள் பயிற்சி பெற்றவர்கள் இல்லை, செய்தது சரியா என்றும் தெரியாது. இரண்டு நாள் அவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சங்குப் படத்தை மட்டும் பிய்த்துக்கொண்டு போய் அவனுடைய அம்மாவின் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான். "என்னடா சாமி" என்று அக்கா கேட்டு முடிக்கவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது.

அக்கா எங்களைப் பார்த்து, "அடுத்து என்ன சொல்லிக் கொடுக்கணும் தம்பி?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. அதைத்தான் படிக்க வேண்டும் என்கிறோம்.